தட்டானுக்கு மூச்சு முட்டுகிறது

ஆகஸ்ட் 5, செவ்வாய், இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் கத்திவிடாதே. பக்கத்தில் யாராவது இருந்தால் முதலில் அவர்களை அனுப்பிவிடு. நான் நலம், அம்மா நலம், அப்பாவும் நலம். இன்றைக்கு வரைக்கும்.

முன்னறையில் பழுதுக்கு வந்து கிடக்கும் சோபாக்களுக்கு நடுவில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, டார்ச்சைக் கழுத்தில் இடுக்கி எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அது பயத்தால் மட்டும் இல்லை, கழுத்து வலியாலும்தான். போனில் உன் குரல் கேட்டாலே அப்பா வைத்துவிடுகிறார். நீ தபாலில் போடுவதையெல்லாம் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறார். ஆனால் வெல்டர் மாமா பட்டறைக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் லாரி நீ வேலை பார்க்கும் பட்டறைக்கும் வருகிறதாம்! போன வாரம்தான் தெரிந்தது. மாமாவிடம் கெஞ்சினேன். "உங்கப்பனுக்குத் தெரிஞ்சா என் தலையை சோபாவுக்குள்ள வெச்சுத் தைச்சுடுவான்" என்று சொல்லிவிட்டு, எழுதிக் கொண்டு வா என்று கையை நீட்டினார். பதிலை அவர் பெயருக்கே அனுப்பு.

விஷயம் இதுதான். தட்டான் முடிந்துவிட்டது அக்கா! நம் விமானம் நிஜமாகவே முடிந்துவிட்டது! இறக்கை இரண்டும் ஏற்றியாகிவிட்டது. அப்பா தைத்த துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மஞ்சள் வண்ணம், மூன்று பூச்சு. வெயிலில் நிறுத்தினால் கண் கூசுகிறது. நீ பழைய காரிலிருந்து கழற்றி மாற்றியமைத்துவிட்டுப் போன இன்ஜின் முதல் தடவை பிடித்தபோது கொட்டகைக் கூரையில் இருந்த புறா அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பியது. அம்மா காதைப் பொத்திக்கொண்டே சிரித்தாள்.

ஆனால் இன்ஜின் செத்துப்போகிறது அக்கா. நன்றாகத்தான் ஓடுகிறது. முழு வேகத்தில் கொஞ்ச நேரம் போனதும் ஒரு இருமல், இரண்டு வெடி, பிறகு ப்ரொபெல்லர் அப்படியே நின்றுவிடுகிறது. வாலை மரத்தில் கட்டிப்போட்டிருப்பதால் தரையில் நிற்கிறது. மேலே இருந்தால்?

"கார்புரேட்டர்தான்" என்கிறார் அப்பா. கழற்றுகிறார், கழுவுகிறார், ஊதுகிறார், மாட்டுகிறார். ஓடுகிறது. "பார்த்தியா, சரியாயிடுச்சு!" என்கிறார். மறுநாள் அதே இருமல். துணியும் மரமும் அவருக்கு, இரும்பும் எண்ணெயும் உனக்கு என்று பிரித்துக்கொண்டுதானே இரண்டு பேரும் இதைத் தொடங்கினீர்கள்? இப்போது இரும்புக்கு ஆள் இல்லை. "பாதியில விட்டுட்டுப் போறவ பேரை இந்தக் கொட்டகையில யாரும் எடுக்கக் கூடாது" என்று நீ வேலைக்குக் கிளம்பிய அன்று சொன்னாரே, இரண்டு வருடமாக யாரும் எடுக்கவில்லை. சாப்பிடும்போது அம்மா ஒரு தடவை வாய் தவறி எடுத்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இருபத்து நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பறக்கப்போகிறார். அதற்குமேல் மழை வந்தால் ஓடுபாதை சேறாகிவிடும் என்கிறார். உரிமம் வாங்கிவிட்டார், தலைக்கவசம் வாங்கிவிட்டார். அவரைத் தடுக்க யாராலும் முடியாது. இன்ஜினைச் சரிசெய்ய மட்டும்தான் முடியும். அதுவும் உன்னால் மட்டும்தான்.

சிவப்புத் துணிச் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. தட்டானில் யார் எதைத் தொட்டாலும் ப்ரொபெல்லரில் சிவப்புத் துணியைக் கட்ட வேண்டும். என்ன செய்தோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கட்டினவரே அவிழ்க்க வேண்டும். நீ ஒரு நட்டை இறுக்கிவிட்டுச் சொல்லாமல் தூங்கிப்போனதற்கு உன்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாரே, நினைவிருக்கிறதா? அதனால் நானாக எதையும் தொட முடியாது. பார்க்க மட்டும்தான் முடியும். என்ன பார்க்க வேண்டும், சொல்.

யாரோ தண்ணீர் குடிக்க எழுந்த சத்தம். டார்ச்சை அணைக்கிறேன்.

உன்
சுண்டெலி


ஆகஸ்ட் 8, வெள்ளி

என் சுண்டெலிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கத்தத்தான் செய்தேன். ஒரு இன்ஜினுக்குள் தோள் வரை கையை விட்டிருந்தேன். சிலிண்டர் லாரி ஓட்டும் அண்ணன், "வெல்டர் உனக்கு லவ் லெட்டர் குடுத்திருக்கார்மா" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். வெல்டருக்கு அறுபது வயது என்று எல்லோருக்கும் விளக்குவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

என் இன்ஜின் ஓடுகிறதா! உண்மையாகவா! புறா பறந்ததா! அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சரி, அழுகையும் சிரிப்பும் போதும். வேலைக்கு வருவோம். இன்ஜின் ஓடும்போதும் சரி, நின்றிருக்கும்போதும் சரி, ப்ரொபெல்லர் பக்கம் நீ போகக் கூடாது. நின்றிருக்கிறது என்று நம்பி விரலைக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கார்புரேட்டர் ஒன்றும் பூதம் இல்லை. அடியில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் பெட்ரோல் வந்து நிற்கும். மேலே ஒரு மிதவை. கிண்ணம் நிறைந்தால் மிதவை எழும்பி ஓர் ஊசியால் வழியை அடைக்கும், குறைந்தால் இறங்கி வழிவிடும். அந்தக் கிண்ணத்திலிருந்துதான் இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கிறது. அதனால் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. இன்ஜின் சாகும் அந்த நிமிடத்தில் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறதா, இல்லையா? அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்தால் தெரிந்துவிடும். இருந்தால் ஜெட் என்கிற சின்னத் துளையில் அடைப்பு, அல்லது தீப்பொறியில் கோளாறு. இல்லையென்றால் ஊசி ஒட்டிக்கொள்கிறது, அல்லது பெட்ரோலில் தண்ணீரோ குப்பையோ இருக்கிறது. ஊசி மேல்தான் எனக்குச் சந்தேகம்.

நீ தொடாதே. அப்பாவைச் செய்ய வை. எப்படி என்று கேட்காதே. ராத்திரியில் சோபாவுக்குள் ஒளிந்து எழுதத் தெரிந்தவளுக்கு அது தெரியாதா?

பெட்ரோல் டேங்க் மூடியில் நான் வரைந்த குருவி எப்படி இருக்கிறது? தட்டானில் என் கையெழுத்து அது ஒன்றுதான்.

அம்மாவை என் சார்பில் காரணம் இல்லாமல் ஒரு தடவை கட்டிக்கொள்.

உன்
அக்கா


ஆகஸ்ட் 12, செவ்வாய், இரவு

அன்புள்ள அக்கா,

காலி! கிண்ணம் காலி! சத்தம் போட்டுச் சொல்ல முடியாமல் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது, அதனால் இன்னொரு தடவை எழுதுகிறேன். காலி!

ஞாயிற்றுக்கிழமை காலை இன்ஜின் ஓட்டினார்கள். இருமினது, வெடித்தது, நின்றது. அப்பா இறங்குவதற்கு முன்னாலேயே ஓடிப்போய், "அப்பா, கிண்ணத்துல பெட்ரோல் இருக்கான்னு பார்க்கலாமா?" என்றேன். (பக்கவாட்டில்தான் ஓடினேன். ப்ரொபெல்லர் பக்கம் போகவில்லை.)

அப்பா புருவத்தைத் தூக்கினார். "எந்தக் கிண்ணம்?"

"கார்புரேட்டருக்கு அடியில இருக்குமே. மிதவை இருக்கிற கிண்ணம்."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

நான் மாமாவைப் பார்த்தேன். "சயின்ஸ் டீச்சர்."

"உங்க பள்ளிக்கூடத்துல கார்புரேட்டரெல்லாம் நடத்துறாங்களா?"

"போன வருஷத்துலேருந்து."

வெல்டர் மாமாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. இன்ஜினைவிட மோசமாக இருமினார். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஸ்பேனரை வாங்கிக்கொண்டு அடித் திருகைத் திறந்தார். இரண்டு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

"பெட்ரோலே வரலையா?" என்று மேலே ஏறி டேங்க்கில் அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. இறங்கிவந்து கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றினார். அக்கா, கொட்டியது! நிறுத்தவே முடியவில்லை. மாமாவின் செருப்பெல்லாம் நனைந்துபோனது.

"அப்ப குழாய்ல குத்தமில்ல, டேங்க்ல குத்தமில்ல. உள்ள ஊசிதான் ஒட்டிக்குது. நான் சொன்னேன்ல, கார்புரேட்டர்தான்" என்றார். நீ சொன்னதும் அதே என்பதால் எனக்கு ஆடவேண்டும் போலிருந்தது.

இனிமேல்தான் கதை. திங்கட்கிழமை மாமா தன் பழைய காரிலிருந்த அதே மாதிரி கார்புரேட்டரைக் கழற்றிக் கொடுத்தார். வேறு ஊசி, வேறு மிதவை, எல்லாமே வேறு. மாட்டி ஓட்டினோம். கொஞ்ச நேரத்தில் அதே இருமல், அதே இரண்டு வெடி. திறந்தால் கிண்ணம் காலி. குழாயைக் கழற்றினால் கொட்டுகிறது!

அப்பா கொட்டகை வாசலில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டே இருந்தார். பிறகு தானாகவே, "ரெண்டு கார்புரேட்டரும் பழசு. ஒரே வியாதி" என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் இருபத்து நாலாம் தேதி பறப்பது பறப்பதுதானாம். "தரையில சூட்டுல நிக்கறதால வர்ற கோளாறு. மேல போனா காத்து வரும், சரியாயிடும்" என்கிறார். நேற்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் நின்றுபோன ப்ரொபெல்லர்தான் தெரிகிறது.

அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "என்னடி, எந்தப் பரீட்சையில ஃபெயில்?" என்று கேட்டாள்.

குருவி நலம். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.

சீக்கிரம் எழுது.

உன்
சுண்டெலி


ஆகஸ்ட் 15, வெள்ளி

சயின்ஸ் டீச்சரின் அருமை மாணவிக்கு,

சபாஷ்! இரண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரி செத்தால், இரண்டுமே குற்றமற்றவை. அப்பாவும் தப்பு, நானும் தப்பு. அவர் தினமும் ஒரு நிரபராதியைக் கழற்றிக் கழற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார். பெட்ரோல் கார்புரேட்டர் வாசலுக்கே வந்து சேரவில்லை.

ஆனால் நீங்கள் சோதிக்கும்போது மட்டும் கொட்டுகிறது. இதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. நேற்று பட்டறையில் ஒரு போல்ட்டை இடவலம் மாற்றி முறுக்கி, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உடம்பு இங்க, உசுரு எங்க?" என்றார். கொட்டகையில் என்று சொல்ல முடியுமா?

யோசித்துப் பார். இன்ஜின் சாகும்போது பெட்ரோல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வருகிறது. அப்படியென்றால் நடுவில் எதுவோ மாறுகிறது. யாரோ எதையோ செய்கிறார்கள். என்ன என்று தெரியாமலே நோயைக் குணப்படுத்திவிடுகிறார்கள்.

அதனால் உனக்கு அடுத்த வேலை. இன்ஜின் நின்ற நொடியிலிருந்து குழாயைக் கழற்றும் வரை அப்பா என்னென்ன செய்கிறார் என்று ஒன்று விடாமல் வரிசையாக எழுது. திட்டினால் திட்டு. மூக்கைச் சொறிந்தால் அதையும் எழுது. எதையும் 'இது முக்கியமில்லை' என்று நீயாக விட்டுவிடாதே. பெட்ரோல் நிறைய இருக்கும்போதும் குறைவாக இருக்கும்போதும் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்றும் பார்.

சூட்டால் வரும் கோளாறு என்கிறாரே, எனக்கு நம்பிக்கை இல்லை. கண்டுபிடிக்காமல் அவர் ஏறக் கூடாது சுண்டெலி. இருபத்து நாலாம் தேதிக்குள் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிப்போம். எனக்கு உன்மேல் நம்பிக்கை இருக்கிறது. உன் கண் என் கண்ணைவிடக் கூர்மை.

உன்
அக்கா


ஆகஸ்ட் 18, திங்கள், இரவு

அன்புள்ள அக்கா,

இதோ வரிசை. நேற்றும் இன்றும் பார்த்தேன். இரண்டு நாளும் அச்சு மாறவில்லை.

இன்ஜின் நிற்கிறது. அப்பா "சனியனே" என்கிறார். ஸ்விட்சை அணைக்கிறார். இறங்குகிறார். இடது கையால் முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறார். மாமா, "என்னண்ணே, மறுபடியுமா?" என்கிறார். அப்பா அவரைப் பார்க்காமல் படிமேல் ஏறுகிறார். "முதல்ல வயித்தைப் பார்" என்று எப்போதும் சொல்வாரே, அதேபோல் டேங்க் மூடியைத் திருகித் திறக்கிறார், அளவுக் குச்சியை விடுகிறார், பார்க்கிறார், துடைக்கிறார், மூடியைத் திருகாமல் அப்படியே மேலே வைத்துவிட்டு இறங்குகிறார். பிறகுதான் இன்ஜின் மூடியைக் கழற்றுவது, குழாயைக் கழற்றுவது எல்லாம். மூக்கைச் சொறியவில்லை.

பெட்ரோல் விஷயத்தில் ஒன்று கவனித்தேன். தலைகீழாக இருக்கிறது! நேற்று அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ரொம்ப நேரம் ஓடியது. மாமா ஒரு பாட்டே பாடி முடித்துவிட்டார். இன்று முக்கால் வரை ஊற்றினார்கள். மாமா தொண்டையைச் சரிசெய்வதற்குள் நின்றுவிட்டது. நிறைய ஊற்றினால் சீக்கிரம் சாகிறது, குறைவாக ஊற்றினால் நன்றாக ஓடுகிறது! "பெட்ரோல் பாரம் அதிகமாகி அமுக்குது" என்கிறார் அப்பா. சோறு நிறையப் போட்டால் பசி அதிகமாகுமா அக்கா? எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் சுற்றும்போது நன்றாகவும் இருக்கிறது. வகுப்பில் கணக்கு போடாமல் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கணக்கு வாத்தியார் சாக்பீஸால் எறிந்தார்.

பயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைக்கு டேங்க்கை விளிம்பு வரை நிரப்பப்போகிறார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எதையும் விடாதே என்று நீ எழுதினதிலிருந்து இது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. குருவி நலம் என்று எழுதினேன் அல்லவா? பொய். குருவி இல்லை அக்கா. நீ வேலைக்குக் கிளம்பிப் போன மாதமே அப்பா வண்ணத்தை எடுத்து அதன்மேல் பூசிவிட்டார். மற்ற இடங்களுக்கெல்லாம் வண்ணம் அடித்தது இந்த வருடம்தான், ஆனால் அந்த மூடிக்கு மட்டும் அன்றைக்கே. ஒரு பூச்சில் அலகு தெரிந்தது என்று காயவிட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. உன் மனசு நோகும் என்றுதான் மறைத்தேன். கோபித்துக்கொள்ளாதே. இதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் உன்னிடம் பொய்யோடு இருக்க முடியவில்லை.

டார்ச் மங்குகிறது.

உன்
சுண்டெலி


ஆகஸ்ட் 21, வியாழன்

சுண்டெலி!

அடி என் தங்கமே! கோபமா? உன்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றவேண்டும் போலிருக்கிறது! பட்டறை நடுவில் நின்று "குருவி! குருவி!" என்று கத்தினேன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

அந்தக் குருவிக்குக் கண் இருந்ததே, நினைவிருக்கிறதா? கறுப்பாக ஒரு புள்ளி. அது புள்ளி இல்லை. ஓட்டை. டேங்க்குக்குள் காற்று போவதற்காக நான் துளைத்த ஓட்டை. தட்டானின் டேங்க்குக்கு இருந்த ஒரே மூக்கு அதுதான். வெறும் ஓட்டையாக அசிங்கமாக இருக்கிறதே என்று அதைச் சுற்றிக் குருவியை வரைந்தேன். அப்பா துணிக்கும் மரத்துக்கும் ஆள். அது எதற்கு என்று அவருக்கு நான் சொன்னதே இல்லை. சொல்லத் தோன்றவில்லை. எல்லாம் நான் பக்கத்திலேயே இருப்பேன் என்ற நினைப்புதான்.

பாட்டிலை வாயில் வைத்து விடாமல் உறிஞ்சிப் பார். கொஞ்ச நேரத்தில் உதடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வராது. உள்ளே காற்று போனால்தான் தண்ணீர் வெளியே வரும். டேங்க்கும் அப்படித்தான். மூக்கை அடைத்தாகிவிட்டது. கொஞ்ச நேரம் பெட்ரோல் இறங்கும், பிறகு உள்ளிருந்தே ஏதோ பிடித்து இழுத்தாற்போல் நின்றுவிடும். டேங்க்கில் காலி இடம் இருந்தால் அங்கிருக்கும் காற்று விரிந்து கொஞ்ச நேரம் சமாளிக்கும். நிறைந்திருந்தால் அதுவும் கிடையாது. தலைகீழ் இல்லை சுண்டெலி, நேரேதான்!

இன்ஜின் நின்றதும் அப்பா முதலில் செய்வது என்ன? மூடியைத் திறப்பது. அந்த நொடியே நோய் போய்விடுகிறது. வைத்தியர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி நிற்குமே, அந்தக் கதைதான். பிறகு எத்தனை தடவை சோதித்தாலும் கொட்டத்தான் செய்யும். வானத்தில் யார் ஏறி மூடியைத் திறப்பது? விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் மர உயரம் தாண்டும்போது நின்றுவிடும்.

இப்போது கவனமாகக் கேள். உன் கையில் ஊசி இருந்தால் ஒரே குத்தில் ஓட்டையைத் திறந்துவிடலாம். யாருக்கும் தெரியாது, உன் கடிதங்களும் வெளியே வராது. செய்யாதே. குத்தினால் வண்ணச் சிலும்பு உள்ளே விழுந்து வேறெதையாவது அடைக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஓட்டப்போகிறவருக்குத் தெரியாமல் விமானத்தில் ஒரு ஆணியைக்கூடத் திருப்பக் கூடாது. அது அப்பாவின் சட்டம். அந்த ஒரு சட்டத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் சண்டையே வந்ததில்லை.

இந்த ஒரு தடவை மட்டும் ப்ரொபெல்லர் பக்கம் போ; ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நுனியில் சிவப்புத் துணியைக் கட்டு. அவரிடம் சொல். மூடியைத் திறக்காமல் குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல். அது போதும். என் பெயரைச் சொல்லாமல் முடிந்தால் சொல்லாதே. கேட்டால் பொய் சொல்லாதே. திட்டுவார். திட்டட்டும். திட்டுவதற்கு அவர் இருக்க வேண்டும்.

சிலிண்டர் அண்ணன் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

உன்
அக்கா


ஆகஸ்ட் 24, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று விளக்கைப் போட்டுக்கொண்டு, மேசையில் உட்கார்ந்து, நேராக எழுதுகிறேன். என் கையெழுத்து எவ்வளவு அழகு என்று பார்த்துக்கொள்.

உன் கடிதம் நேற்று சாயங்காலம் வந்துவிட்டது. நேற்றே சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை. அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். டேங்க்கை நிரப்பும்போது சீட்டியடித்தார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இரண்டு தடவை வாயைத் திறந்தேன். "என்னம்மா, சோறு வேணுமா?" என்று கேட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். அதைத் தின்றேன்.

விடிந்ததும் ஓடிப்போய்ச் சிவப்புத் துணியைக் கட்டினேன். ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, நுனியை மட்டும்தான் தொட்டேன். அவசரத்தில் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுவிட்டேன். அப்பா தலைக்கவசத்தோடு வந்தார். பின்னால் அம்மா, வெல்டர் மாமா. துணியைப் பார்த்ததும் நின்றார்.

"யாரு கட்டினது?"

"நான் இல்லண்ணே. நேத்து ராத்திரியிலேருந்து என் கை என் பையிலதான் இருக்கு" என்றார் மாமா.

"நான்தாம்பா."

"என்னத்தத் தொட்ட?"

"எதையும் தொடல."

"தொடாம எதுக்குக் கட்டின?"

"நீங்க ஏறக் கூடாதுன்னு."

அப்பாவின் முகம் மாறியது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். "ஒரே ஒரு தடவை அப்பா. மேல ஏறாதீங்க. மூடியைத் திறக்காதீங்க. அது மூடியே இருக்கட்டும். குழாயை மட்டும் கழட்டிப் பாருங்க. பெட்ரோல் கொட்டிக்கிட்டே இருந்துச்சுன்னா நானே அவிழ்த்துடறேன். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்."

"மறுபடியும் சயின்ஸ் டீச்சரா?"

மாமா தரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"இல்லப்பா. அக்கா."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் கொட்டகையில் விழுந்தது. அப்பா தலைக்கவசத்தைக் கழற்றினார். உள்ளே போனார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் காலி பாட்டில்.

குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டார். மாமா டேங்க்குக்கு அடியிலிருக்கும் வால்வைத் திறந்துவிட்டார். முதலில் கொட்டியது. என் உயிரே போய்விட்டது அக்கா! பிறகு மெலிந்தது. நூல் மாதிரி ஆனது. சொட்டுச் சொட்டாக ஆனது. நின்றது. பாட்டிலில் அரை டம்ளர்கூட இல்லை. மேலே டேங்க் விளிம்பு வரை நிறைந்திருக்கிறது!

அப்பா பாட்டிலை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் படிமேல் ஏறினார். மூடியில் கையை வைத்து மெதுவாகத் திருகினார். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். தண்ணீருக்குள் முங்கினவர் மேலே வந்ததும் மூச்சை இழுப்பாரே, அதே சத்தம். உடனே கீழே குழாயில் கொட்ட ஆரம்பித்தது. மாமா, "என் செருப்பு, என் செருப்பு" என்று குதித்துக்கொண்டே வால்வை அடைத்தார்.

அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூடியை மடியில் வைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து சோபா தைக்கும் வளைந்த ஊசியை எடுத்துச் சுரண்டினார். மஞ்சள் சிலும்பு சிலும்பாக உதிர்ந்தது. முதலில் அலகு வந்தது. பிறகு கழுத்து. கண் இருக்கும் இடத்துக்கு வந்ததும் ஊசியைத் தள்ளிப் பிடித்து, மூடியைக் கவிழ்த்து வைத்து, மறுபக்கத்திலிருந்து குத்தினார். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அந்தக் கண் வழியாக வெயில் ஒரு பொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது.

"மூணு பூச்சு அடிச்சேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அம்மா பக்கத்தில் போய் நின்றாள். "பூசாதீங்கன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். விட்டுட்டேன்" என்றாள்.

எனக்கு ஒரே கொண்டாட்டம். இனிமேல் பறக்கலாமே! ஓடிப்போய்த் துணியை அவிழ்க்கப் போனேன். "தொடாதே" என்றார் அப்பா.

"சரியாயிடுச்சேப்பா?"

"சட்டம் என்ன?"

"கட்டினவங்கதான் அவிழ்க்கணும். கட்டினது நான்தானே?"

"கட்டினது நீ. கட்டச் சொன்னது யாரு?"

துணியிலிருந்து கையை எடுத்தேன்.

"அவ வந்து அவிழ்க்கட்டும்" என்றார். "அதுவரைக்கும் தட்டான் தரையில நிக்கும்."

"மழை வந்துடுமேண்ணே. ஓடுபாதை சேறாயிடும்" என்றார் மாமா.

"காயும்ல" என்றார் அப்பா.

மத்தியானம் முழுவதும் அவர் உன் கடிதங்களைப் படித்தார். நானே கொடுத்துவிட்டேன். அவரை நிரபராதியைக் கழற்றி விசாரிப்பவர் என்று நீ எழுதின இடத்தில் மீசை துடித்தது. சிரிப்பா கோபமா, கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா என்னிடம், "இந்த மாசம் டார்ச்சுக்கு நான் எத்தனை தடவை பேட்டரி மாத்தினேன் தெரியுமா? இருட்டுல எழுதிக் கண்ணு கெட்டுப்போச்சுன்னா?" என்றாள். நான் மாற்றவே இல்லையே, எப்படி இவ்வளவு நாள் எரிந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் அப்பா தட்டானின் பின்சீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து சோபாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து புதிதாகப் பஞ்சு வைத்துத் தைத்தார். இப்போதும் தைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் ஏறுவதென்றால் எடைக் கணக்குப் போட வேண்டுமாம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஊசியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "இப்ப அவ எத்தனை கிலோ இருப்பா?"

"தெரியலப்பா. எழுதிக் கேக்கட்டா?"

"ம்."

கேட்டுவிட்டேன். ஆனால் அக்கா, பதிலை லாரியில் அனுப்பாதே. அந்த எடையை நீயே இங்கே கொண்டு வா.

உன்
சுண்டெலி